கூடிப் பேசுவதை எப்படி வரைவது? சுங்கை சிப்புட் மண்டபச் சுவருக்கு யோசனை தேவை

தூரிகைக்காரன் | திங்கள், இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கடைப் பலகைகளும் கோயில் சுவர்களும் எழுதுவது என் தொழில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்த பிறகு எங்கள் மாரியம்மனும் எங்களோடு டவுன் ஓரத்துத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டாள். இப்போது கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் கட்டி முடித்திருக்கிறார்கள். அன்னதானம், கூட்டம், பிள்ளைகளின் தேவார வகுப்பு எல்லாம் அங்கேதான்.

உள்ளே இடப்பக்கச் சுவர் 30 அடி நீளம், 10 அடி உயரம். பழைய தோட்டத்தில் கோயில் மரத்தடியில் ஊர்க்கூட்டம் கூடுமே, அதை வரைந்து கொடு என்று நிர்வாகத்தினர் கேட்டார்கள். மனசு நிறைய ஒத்துக்கொண்டேன்.

மூன்று மாதிரி போட்டேன். மூன்றும் சரியில்லை. தலைவர் நடுவில் நாற்காலியில் இருக்கிறார், இரண்டு பக்கமும் ஆட்கள், எல்லாரும் நேராக என்னைப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோ மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்து வரைந்தால் பாடுகிறார்கள் என்று தோன்றுகிறது, கையை நீட்டி வரைந்தால் சண்டை. நாலு பேர் உட்கார்ந்து ஒரு விஷயத்தை யோசித்துப் பேசுகிறார்கள் என்பது மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

பழைய சிற்பிகளும் ஓவியர்களும் இதை எப்படிச் செய்தார்கள்? ஆலோசனைக்கு என்ன அடையாளம் வைத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூணாம் டிவிஷன் | திங்கள், இரவு 9.48

அண்ணே, கோயில் மண்டபம் என்றால் சாமி படம்தான் இருக்க வேண்டும். கூட்டத்தை எதற்குச் சுவரில் ஏற்றுகிறீர்கள்? ஒரு முருகன், பக்கத்தில் மயில், போதும். பிள்ளைகள் பார்த்துக் கும்பிடுவார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | திங்கள், இரவு 10.31

மூணாம் டிவிஷன் தம்பி, நம் மொழியில் சாமியும் கூட்டமும் தனித்தனியாக இருந்ததில்லை. 'அம்பலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மக்கள் கூடும் பொது இடத்துக்குப் பெயர் அது. ஒரு ரகசியம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் 'அம்பலமாகிவிட்டது' என்கிறோமே, அதே அம்பலம். சிதம்பரத்தில் நடராசர் ஆடுவது பொன்னம்பலத்தில். மதுரையில் வெள்ளியம்பலம். திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை, குற்றாலத்தில் சித்திர சபை. ஐந்துமே சபைகள். இறைவன் ஆடுவதற்கு நம் முன்னோர் கொடுத்த இடத்தின் பெயர் ஊர் கூடும் இடத்தின் பெயர். அதனால் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டத்தை வரைவது கோயிலுக்கு வெளியே போவது ஆகாது.

இனித் தூரிகைக்காரன் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி இருப்பார். கல்லால மரத்தடி, காலுக்கடியில் முயலகன், கையில் சின்முத்திரை, கீழே சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்று நான்கு முனிவர்கள். அவர்கள் கேள்வியோடு வந்தவர்கள். இவர் வாய் திறக்கவில்லை. சொல்லாமல் சொன்னார் என்பது அந்தக் காட்சியின் உயிர். இன்னொன்றையும் கவனியுங்கள். குரு இளைஞர், கேட்க வந்தவர்கள் முதியவர்கள். வடமொழித் தியான சுலோகம் இதை 'ஆச்சரியம்' என்றே சொல்கிறது. வயதானவர் நாற்காலியில், இளையவர் தரையில் என்று நாம் பழகிவிட்ட வரிசையை அந்தச் சிற்பம் புரட்டிப் போடுகிறது.

வாயைத் திறந்து வரையாதீர்கள். சிற்பிகள் அதைச் செய்யவில்லை. கையையும் முகம் சாயும் திசையையும் வைத்தே பேச்சைக் காட்டினார்கள்.

கொலுப்படி | திங்கள், இரவு 11.05

தம்பி, உங்கள் குரூப் போட்டோ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கொலுவிலிருந்து வந்திருக்கும்!

வருஷா வருஷம் நவராத்திரிக்கு ஏழு படி வைக்கிறேன். 'கொலு' என்றாலே அரச சபை. ராஜா கொலு வீற்றிருந்தார் என்று கதையில் சொல்வார்கள் இல்லையா? படியில் வைக்கும் பொம்மை அத்தனையும் வருகிறவர்களைப் பார்த்து நிற்கும். ஒன்றை ஒன்று பார்க்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் அம்பாளின் சபைக்கு வருகிறார்கள், அதனால் அப்படித்தான் வைக்க வேண்டும். அது காட்சி கொடுக்கும் சபை.

நீங்கள் வரைய வேண்டியது வேறு. போன வருஷம் என் பேத்தி கிராமத்துச் செட்டில் இருந்த நாலு பொம்மைகளைத் திருப்பி வட்டமாக வைத்துவிட்டாள். இரண்டு பொம்மையின் முதுகுதான் தெரிந்தது. 'ஏன் கண்ணு இப்படி' என்றேன். 'அவங்க பேசிக்கிட்டு இருக்காங்க பாட்டி' என்றாள். நாலைந்து பேருக்கு முதுகை வரைந்து பாருங்கள்.

தூரிகைக்காரன் | திங்கள், இரவு 11.12

அக்கா, முதுகு! இத்தனை நாளாக எனக்கு இது தோன்றவே இல்லை. கடைப் பலகையில் எந்த முதலாளியும் முதுகை வரையச் சொல்ல மாட்டார். கையும் அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது.

சுண்ணாம்புமலை | செவ்வாய், காலை 7.40

அண்ணே, நான் தஞ்சோங் மாலிமில் ஓவியம் படிக்கிறேன். சொந்த ஊர் நம் ஊர்தான். பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுவர் அளவைப் பார்த்ததும் லியனார்டோ டா வின்சியின் 'கடைசி இராவுணவு' ஞாபகம் வந்தது. மிலான் நகரத்து மடம் ஒன்றின் சாப்பாட்டு அறைச் சுவரில் 1495 முதல் 1498 வரையில் வரைந்தது. அகலம் சுமார் 8.8 மீட்டர், அதாவது 29 அடி. உங்கள் சுவரும் அதுவும் ஏறக்குறைய ஒரே நீளம்! அங்கே துறவிகள் சாப்பிட உட்காரும்போது சுவரில் இருக்கும் மேசை அவர்கள் வரிசையில் இன்னொரு மேசையாகத் தெரியும். உங்கள் மண்டபத்திலும் அன்னதானம் நடக்கிறது என்றீர்கள்.

அதில் இயேசுவோடு சீடர்கள் பன்னிரண்டு பேர். வரிசையாக உட்கார வைத்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேர்ந்திருக்கும். அவர் மூன்று மூன்று பேராக நாலு குழு ஆக்கினார். 'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்' என்ற ஒரு வாக்கியம் விழுந்த நொடி அது. நடுவில் இருப்பவர் அமைதியாக இருக்கிறார், அந்தச் சொல் இரண்டு பக்கமும் அலை மாதிரி போகிறது. ஒருவர் எழுகிறார், ஒருவர் நெஞ்சைத் தொடுகிறார், மூன்று பேர் தங்களுக்குள் திரும்பிக்கொள்கிறார்கள். அதற்கு முன் வரைந்த பலர் யூதாஸை மேசைக்கு எதிர்ப்பக்கம் தனியாக உட்கார வைத்தார்கள், பார்த்ததும் தெரிய வேண்டும் என்று. லியனார்டோ அவனையும் மற்றவர்களோடு ஒரே பக்கம் வைத்தார். குற்றம் செய்தவனும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அப்புறம் ரெம்பிராண்ட், 1662. ஆம்ஸ்டர்டாமில் துணியின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரிகள் ஐந்து பேர் தொப்பியோடு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். பின்னால் தொப்பி இல்லாமல் ஒரு பணியாள். மேசையில் கணக்குப் புத்தகம். ஒருவர் பாதி எழுந்தபடி இருக்கிறார். யாரோ அறைக்குள் வந்ததும் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்த மாதிரி இருக்கும். வந்தவர் நாம்தான். இவர்களும் நம்மைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் குரூப் போட்டோ ஆகவில்லை. நாம் வருவதற்கு முன் இங்கே ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது தெரிகிறது.

அதனால் முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஆட்களை இல்லை என்று நினைக்கிறேன். எந்த நொடி? என்ன சொல் விழுந்தது? யார் சொன்னது?

லயத்துப் பொண்ணு | செவ்வாய், பகல் 1.15

'யார் சொன்னது' என்று தம்பி கேட்டதால் எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மாவுக்குச் சம்பளத்தில் குறைத்துவிட்டார்கள். ரப்பர் பாலில் தண்ணீர் கலந்ததாகச் சொல்லி. அம்மா அப்படிச் செய்கிறவர் இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். துரை உள்ளே நாற்காலியில், ஆபீஸ் எழுத்தரான கிராணி அவர் பக்கத்தில். அம்மா வராந்தாவுக்குக் கீழே மண்ணில் நின்றார். அவர் வாசல்படி ஏறவில்லை, யாரும் ஏறச் சொல்லவும் இல்லை. அம்மா சொன்னதைக் கிராணி உள்ளே திரும்பி இரண்டே வார்த்தையில் சொன்னார். துரை தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று அம்மா திரும்பி வரும் வழியில் சொன்னார். எனக்கு அந்தப் பழமொழி அப்போது புரியவில்லை. ஏறாதது சொல்லா அம்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தடிக் கூட்டத்திலும் பெண்கள் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகைத் திண்ணையில் கூடி நின்று கேட்பார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஒரு பையனைக் கூப்பிட்டு அப்பாவின் காதில் போய்ச் சொல்லச் சொல்வார்கள். அப்பா அதைத் தன் கருத்தாகச் சொல்வார். இதையும் அப்படியே வரையப் போகிறீர்களா தம்பி?

ஓய்வுபெற்ற வாத்தியார் | செவ்வாய், மாலை 6.02

தங்கச்சி, படித்ததும் சற்று நேரம் எழுத முடியவில்லை.

நிற்பதும் உட்காருவதும் சாதாரணம் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது அது. சம்பளத்துக்கு இணையாக அதையும் கேட்டார்கள். உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதே ஒரு வாசகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓவியனுக்கும் அது தெரிய வேண்டும்.

சுண்ணாம்புமலை | செவ்வாய், இரவு 8.25

அக்கா, உங்கள் அம்மா நின்றதைப் படித்ததும் நேர் எதிரான ஒரு படத்தைத் தேடி எடுத்தேன்.

அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் 1943-இல் வரைந்த 'பேச்சுச் சுதந்திரம்'. அவர் குடியிருந்த வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூரின் ஊர்க்கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து தனி ஆளாக எதிர்க்கருத்தைச் சொன்னார். மற்றவர்கள் அவரோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். அந்தச் சம்பவத்தில் இருந்து வந்த படம். நடுவில் நிற்பவர் வேலைக்குப் போகும் உடையில் இருக்கிறார், கை முரட்டுத்தனமாக உழைத்த கை, முன்னால் இருக்கும் இருக்கையைப் பிடித்திருக்கிறது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கோட்டு, டை கட்டியவர்கள். அவர்கள் தலையை உயர்த்தி அவரைப் பார்க்கிறார்கள்.

உங்கள் அம்மாவும் நின்றார், இவரும் நிற்கிறார். இரண்டு பேரும் உழைப்பாளிகள்தான். அங்கே துரை கண்ணை உயர்த்தவில்லை, இங்கே எல்லாக் கண்ணும் உயர்ந்திருக்கிறது. நிற்பதற்கு அர்த்தம் கொடுப்பது மற்றவர்களின் கண்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு டோகோன் மக்கள் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவதற்கு 'தோகுனா' என்று ஒரு கொட்டகை கட்டுவார்கள். தூண்களில் உருவங்கள் செதுக்கியிருக்கும். கூரை மிகவும் தாழ்வு. உள்ளே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. கோபத்தில் துள்ளி எழுந்தால் தலை இடிக்கும், அதனால் உட்கார்ந்தேதான் பேச வேண்டும். ராக்வெல் படத்தில் எழுந்து நிற்பது உரிமை. தோகுனாவில் யாரும் எழாமல் இருப்பது சமத்துவம். உங்கள் சுவருக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் அண்ணே.

தூரிகைக்காரன் | செவ்வாய், இரவு 10.50

இன்று வேலை முடித்து வந்து நாலாவது மாதிரி போட்டேன். தலைவரை நடுவில் இருந்து எடுத்துவிட்டேன். நாற்காலியையும் எடுத்துவிட்டேன். எங்கள் மரத்தடியில் நாற்காலியே இருந்ததில்லை, அது என் கைப்பழக்கத்தில் வந்தது. எல்லாரும் தரையில், வட்டமாக, ஆறு பேருக்கு முதுகு.

இப்போது நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் மண். அங்கே கண் போய் நிற்க ஏதாவது வேண்டும் போல இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார் | புதன், காலை 6.45

நடுவில் ஒன்றும் வைக்காமல் இருப்பதும் பெரிய மரபு தம்பி. அமராவதியின் ஆரம்பகாலப் பௌத்தச் சிற்பங்களில் மக்கள் கை கூப்பிச் சூழ்ந்திருப்பார்கள், நடுவில் ஆசனம் காலியாக இருக்கும். புத்தரை உருவமாகக் காட்டாமல் வெறும் ஆசனம், பாதச்சுவடு, சக்கரம் என்று காட்டினார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கற்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலியிடத்தின் முன்னால் நானும் கை கூப்பினேன்.

ஆனால் அது வழிபாடு. ஆலோசனைக்கு எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. அது படமாக இல்லை, எழுத்தாகக் கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலம், 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

விரித்த உள்ளங்கை. கைக்குள் ஒளித்து மாற்றிவிடவில்லை என்பதற்காகச் சொன்ன விதி. இதைவிட நல்ல அடையாளம் ஓவியனுக்கு எங்கே கிடைக்கும்? நடுவில் ஒரு குடம், ஒரு சிறுவன், ஒரு விரித்த கை. யோசித்துப் பாருங்கள்.

லயத்துப் பொண்ணு | புதன், காலை 9.30

வாத்தியார் ஐயா, விரித்த கை அழகு. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடத்தில் யார் பெயர் போனது என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறதே. வரி கட்டும் நிலம் பழைய அளவில் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்கு விட்ட ஊரின் சபை. நிலத்தில் இறங்கி உழுதவர் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. பெண் பெயரும் இல்லை. கப்பல் ஏறி இங்கே வந்த நம் ஆட்களின் பாட்டன் பூட்டன் அந்த மண்டபத்துக்கு வெளியே நின்றிருப்பார்கள், என் அம்மா வராந்தாவுக்குக் கீழே நின்ற மாதிரி.

நம் மண்டபத்துச் சுவருக்கு அந்தக் குடம் வேண்டாம் ஐயா. கை வேண்டுமானால் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | புதன், காலை 10.10

சரி தங்கச்சி. நீங்கள் சொல்வது நியாயம். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வெட்டைப் பெருமையாக நடத்தியிருக்கிறேன். தகுதி விதிகளையும் சொல்வேன், ஆனால் வெளியே நின்றவர்களைப் பற்றி நின்று பேசியதில்லை. குடத்தை எடுத்துவிடுவோம்.

சுண்ணாம்புமலை | புதன், பிற்பகல் 3.55

நடுவில் வைக்கும் பொருளைப் பற்றி ஒன்று. இத்தாலியில் சியனா நகர மாளிகையில் ஒன்பது பேர் ஆட்சிக்குழு கூடும் அறை உண்டு. அம்ப்ரோஜியோ லோரன்செட்டி 1338, 1339 ஆண்டுகளில் அந்த அறைச் சுவர்களில் நல்லாட்சியையும் கெட்ட ஆட்சியையும் வரைந்தார். நல்லாட்சிச் சுவரில் குடிமக்கள் 24 பேர் வரிசையாக வருகிறார்கள். எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். கயிறு நீதியின் தராசில் இருந்து இறங்கி, ஒற்றுமை என்ற பெண்ணின் கைக்கு வந்து, குடிமக்கள் கை வழியாகப் போய் ஆட்சியாளர் உருவத்தின் கையில் சேர்கிறது. ஒற்றுமையின் மடியில் ஒரு இழைப்புளி இருக்கிறது. தச்சர் மேடு பள்ளத்தைச் சமமாக்க வைத்திருப்பாரே, அது.

ஆட்சிக்குழு கூடிப் பேசும்போதெல்லாம் அந்தக் கயிறும் அந்த இழைப்புளியும் அவர்கள் கண்முன்னால் இருந்தன.

கொலுப்படி | புதன், மாலை 4.20

கயிறு என்றதும் உடம்பு சிலிர்த்தது தம்பி. அது தேர் வடம் இல்லையா! ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோமே. நம் தோட்டத்துத் திருவிழாவில் ரதம் இழுக்கும்போது கிராணி வீட்டுக் கையும் களை வெட்டும் வெளிக்காட்டு ஆள் கையும் ஒரே வடத்தில்தான் இருக்கும்.

தூரிகைக்காரன் | புதன், இரவு 9.05

அக்கா, வடத்தை நினைத்து ஒரு மணி நேரம் வரைந்து பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் வடத்தைப் பிடித்ததும் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அது முடிவு எடுத்த பிறகு நடப்பது. நான் வரைய வேண்டியது அதற்கு முந்தைய நேரம். ஆளுக்கு ஒரு எண்ணம் இருக்கும் நேரம். சியனாவில் யாரும் கயிற்றை இழுக்கவில்லை, சும்மா பிடித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. நம் கையில் வடம் கொடுத்தால் இழுக்காமல் இருக்க மாட்டோம்.

மூணாம் டிவிஷன் | புதன், இரவு 11.40

முதல் நாள் முருகனை வரையுங்கள் என்று எழுதியவன் நான்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அன்றைக்குச் சொல்லவில்லை.

1948 ஜூன் 16-ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது. இது புத்தகத்தில் இருக்கிறது. தாத்தா சொன்னது புத்தகத்தில் இல்லை. அதற்குப் பிறகு லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. நாலைந்து ஆண்கள் மரத்தடியில் சேர்ந்து நின்றாலே யாராவது வந்து பெயர் கேட்பார்கள். வீட்டில் சாவு விழுந்தபோதுகூடக் கூட்டமாக உட்காரப் பயந்தார்கள். தாத்தா சாகும் வரைக்கும் கூட்டத்தில் முன்னால் உட்கார மாட்டார். ஓரமாக, கால்வாய்த் திண்டில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். வீட்டுக்கு வந்து யார் என்ன சொன்னார் என்று பாட்டியிடம் வரிசையாகச் சொல்வார்.

கூட்டத்தைச் சுவரில் பார்த்தால் எனக்கு அந்த முள்கம்பி ஞாபகம் வரும் என்று நினைத்தேன். இரண்டு நாளாக இதைப் படிக்கிறேன். இப்போது அந்தப் படம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது அண்ணே.

நடுவில் என்ன வைப்பது என்று கேட்டீர்கள். எங்கள் தோட்டத்தில் வெற்றிலைத் தட்டு இருக்கும். பேச்சு தொடங்கும்போது நடுவில் வைப்பார்கள். பேசி முடித்துச் சம்மதம் என்றால் ஒவ்வொருவராக வெற்றிலையை எடுப்பார்கள். சம்மதம் இல்லாதவர் எடுக்க மாட்டார். அப்படி ஒருவர் எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் மறுபடியும் பேச வேண்டும்.

கொலுப்படி | வியாழன், காலை 6.10

வெற்றிலைத் தட்டு! எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடமும் சொன்னேன். அவர்கள் பேச்சுவார்த்தைக்கு 'தெப்பாக் சிரே' வைப்பார்களே, பித்தளையில் வெற்றிலைப் பெட்டி. மருமகள் பேசப் போனபோது அதை வைத்த பிறகே வாயைத் திறந்தார்களாம். அவர் ஒரு பழமொழியும் சொன்னார்: 'புலாட் ஆயேர் கெரானா பெம்பெதோங், புலாட் மானுசியா கெரானா முவாஃபாக்காட்.' தண்ணீர் குழாயால் வட்டமாகும், மனிதர்கள் கலந்து பேசி ஒத்துப்போவதால் வட்டமாவார்கள். நீங்கள் ஆட்களை வட்டமாக உட்கார வைத்ததற்கு இதுவே போதும் தம்பி.

சுண்ணாம்புமலை | வியாழன், காலை 8.00

மூணாம் டிவிஷன் அண்ணே, உங்கள் தாத்தாவுக்கு ரபேல் ஒரு இடம் வைத்திருக்கிறார். வத்திக்கானில் 1509 முதல் 1511 வரையில் வரைந்த 'ஏதென்ஸ் பள்ளி'யில் ஞானிகள் எல்லாரும் கூட்டம் கூட்டமாக வாதம் செய்கிறார்கள். நடுவில் பிளேட்டோ கையை மேலே காட்டுகிறார், அரிஸ்டாட்டில் உள்ளங்கையைத் தரைப்பக்கம் நீட்டுகிறார். முன்னால் ஒரு ஆள் மட்டும் கல்லில் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து, தனியாக யோசனையில் இருக்கிறார். ஹெராக்லிட்டஸ் என்று சொல்வார்கள். மிலானில் இருக்கும் முழு அளவு மாதிரிப் படத்தில் அந்த ஆள் இல்லை. சுவரில் வேலை நடந்த பிறகு ரபேல் அவரைச் சேர்த்தார். தனியாக ஒருவர் இல்லாமல் அந்தக் கூட்டம் நிறையவில்லை போல.

தூரிகைக்காரன் | வியாழன், இரவு 11.30

நிர்வாகத்தினருக்குக் காட்டிவிட்டு வந்தேன். ஐந்தாவது மாதிரி. கரியில் சுவரிலேயே கோடு போட்டுவிட்டேன்.

மரத்தடி, வட்டம். நடுவில் பித்தளைத் தட்டில் வெற்றிலை, யாரும் இன்னும் எடுக்கவில்லை. ஆட்கள் மூன்று நாலு பேராகச் சேர்ந்து இருக்கிறார்கள். தலைவர் வட்டத்தில் ஒருவர், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுக்கிறார். வலது ஓரத்தில் கால்வாய்த் திண்டில் முதுகு காட்டி ஒரு பெரியவர், அவர் கழுத்து மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

வட்டத்தில் நிற்பது ஒரே ஒருவர். வேலைக்காட்டில் இருந்து நேராக வந்த பெண். ஆயா கொட்டகைத் திண்ணையில் இருந்து இறங்கி வட்டத்துக்குள் வந்திருக்கிறார். வலது கை முன்னால், ஐந்து விரலும் விரித்து. வட்டத்தில் இருக்கும் எல்லாக் கண்ணும் அவர் மேல். லயத்துப் பொண்ணு அக்கா, 'அப்படியே வரையப் போகிறீர்களா' என்று கேட்டீர்கள். நடந்தது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். நிர்வாகத்திலும் ஒருவர் அதைச் சொன்னார். கொஞ்சம் வாதம் ஆனது. பெண்கள் திண்ணையில் நின்றதும் படத்தில் இருக்கிறது, ஐந்து பேர் இன்னும் அங்கே நிற்கிறார்கள். அதில் ஒருவர் இறங்கி வந்துவிட்டார். அவ்வளவுதான் நான் செய்த மாற்றம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

கண் மட்டத்தை இரண்டரை அடியில் வைத்திருக்கிறேன். மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் படத்தில் இருப்பவர்களும் நம் உயரத்தில் இருப்பார்கள். கீழ் ஓரத்தில் வட்டத்தை மூடாமல் விட்டிருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். பால் வெட்டும் பெண்ணின் உடையைச் சரியாக வரைய வேண்டும். என் அம்மா வெட்டுக்குப் போனதில்லை, வெளிக்காட்டு வேலைதான். யாராவது சொல்லுங்கள்.

லயத்துப் பொண்ணு | வெள்ளி, காலை 5.50

பழைய கைலி, அதற்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை. சட்டையில் பால் காய்ந்து கறுப்பாக விறைத்துப்போய் இருக்கும், துவைத்தாலும் போகாது. இடுப்பில் ஒரு டின்னில் கொசுவத்தி புகையும். தலைத்துணி நெற்றியை மூடிப் பின்னால் முடிச்சு. அம்மாவுடையது சிவப்பில் வெள்ளைப் புள்ளி, வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது.

ஆபீசுக்குப் போன அன்று மட்டும் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

தூரிகைக்காரன் | வெள்ளி, காலை 6.15

தலையிலேயே இருக்கட்டும் அக்கா. கட்டியபடியே வரைகிறேன். ரோஸ் நிறத்தை நாளைக்குக் கலந்து வைக்கிறேன், நீங்கள் வந்து பார்த்துச் சரியா என்று சொல்லிவிட்டால் பூசத் தொடங்கிவிடுவேன். மண்டபம் காலை எட்டு மணிக்குத் திறந்திருக்கும்.